மலைச் சாலை ஓரம் சரியும் முன்: சாலையை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்கு

குன்னூர் பக்கம் ஒரு சின்ன மலைச் சாலைக்குக் கீழே எங்கள் வீடு. வீட்டின் பின்புறத்திலிருந்து சுமார் நாலு மீட்டர் உயரத்தில் சாலை போகிறது. ஒரு நவம்பர் இரவில் அந்தச் சாலையின் ஓரம் ஏழு மீட்டர் நீளத்துக்குப் பெயர்ந்து எங்கள் துணி துவைக்கும் கல் வரைக்கும் வந்து நின்றது. யாருக்கும் அடி படவில்லை. அதற்கு முந்தைய ஆறு வாரமும் அதற்குப் பிறகான பதினான்கு மாதமும் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த அலுவலகத்துக்குப் போவது, எந்தக் காகிதம் வேண்டும், எதற்கு எவ்வளவு ஆகும், எந்த மாதத்தில் எதைச் செய்வது என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் பாதிப் பணமும் முக்கால்வாசி அலைச்சலும் மிச்சமாகியிருக்கும்.

நான் எழுதுவது நீலகிரியை மனதில் வைத்து. கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், அலுவலகப் பெயர்களை மட்டும் உங்கள் ஊரில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. விரிசலைப் பார்த்ததும் அளக்க ஆரம்பியுங்கள்

சாலை ஓரம் திடீரென்று சரிவதில்லை. நாம் பார்க்கத் தொடங்குவதுதான் திடீரென்று. தார் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே, சாலைக்கு இணையாக ஒரு முடி போல விரிசல் வரும். அது நேர்கோடாக இருந்தால், ஓரமாகப் போகும் லாரியின் எடையாலோ தாரின் அடியில் இருக்கும் ஜல்லி அமுங்கியதாலோ வந்ததாக இருக்கலாம். அரிவாள் மாதிரி வளைந்து, இரண்டு முனையும் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பியிருந்தால் கீழே இருக்கும் மண் மொத்தமாக நகரத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விரிசலின் ஒரு பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் இன்னும் மோசம்.

மற்ற அறிகுறிகளும் இருக்கின்றன. சரிவின் அடிவாரம் வயிறு போல உப்பும். நேராக நின்ற மின்கம்பமோ சவுக்கு மரமோ சாயும். எப்போதும் தெளிவாக வரும் ஊற்று கலங்கி வரும், அல்லது சட்டென்று நின்றுபோகும். (நின்றுபோனால் சந்தோஷப்படாதீர்கள், அந்தத் தண்ணீர் உள்ளே எங்கேயோ தேங்குகிறது.) வீட்டில் கதவு, ஜன்னல் இறுகும். எங்கள் பின்கதவு இறுகியதை மழை ஈரத்தில் மரம் ஊதியதாக நினைத்து இழைப்புளி போட்டு சீவினோம்.

அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு இரும்பு முளை அடித்து, அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை தினமும் காலை ஒரே நேரத்தில் டேப்பால் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று இடத்தில் முளை அடித்தால் நல்லது. பக்கத்திலேயே நேரான பக்கம் உள்ள ஒரு பாட்டிலையோ டப்பாவையோ வெட்டி வைத்து, எத்தனை மில்லிமீட்டர் மழை என்பதையும் எழுதுங்கள். தேதி தெரியும்படி படமும் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. இந்த நோட்டுதான் பிறகு நீங்கள் கொடுக்கப்போகும் எல்லா மனுவுக்கும் முதுகெலும்பு. "விரிசல் பெரிதாகிறது" என்று எழுதினால் யாரும் அசைவதில்லை. "அக்டோபர் 14 முதல் 20 வரை 9 மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது" என்று எழுதினால் பொறியாளர் நேரில் வந்து பார்க்கிறார்.

எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட, நகர்வு நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதுதான் முக்கியம். தினம் ஒன்று ஒன்றாக நகர்ந்தது இரண்டு, நான்கு, எட்டு என்று தாவினால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்யுங்கள். எங்களுக்குக் கடைசி இரவில் மட்டும் 12 மில்லிமீட்டர்.

2. மழை கொட்டிக்கொண்டிருந்தால்

சுவர், மனு எல்லாம் பிறகு. விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குவதைத் தடுப்பதுதான் அவசரம். மழை கொஞ்சம் விட்டிருக்கும்போது, விரிசலைக் களிமண்ணால் நிரப்பி, இறுக்கமாகத் திமிசு போட்டு, மேலே தார்ப்பாய் விரித்து, சாலையின் மலைப்பக்கம் வரைக்கும் இழுத்து மணல் மூட்டையால் அழுத்தி வையுங்கள். தார்ப்பாயின் கீழ் நுனி சரிவின் நடுவில் முடியக்கூடாது. முடிந்தால் வழியும் தண்ணீர் எல்லாம் அந்த ஒரே இடத்தில் குடையும். எங்களுக்குப் பெரிய தார்ப்பாயும் நாற்பது சாக்கும் சேர்த்து நாலாயிரத்து சொச்சம் ஆனது.

செய்யக்கூடாதது: விரிசலில் சிமென்ட் பால் ஊற்றாதீர்கள். நகரும் மண்ணில் அது மறுநாளே பிளந்துவிடும், அதோடு அளக்கவும் முடியாது. சரிவின் உச்சியில் மண்ணையோ கல்லையோ கொட்டி நிரப்பாதீர்கள். ஈர மண் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட இரண்டு டன், அதை நகர்கிற இடத்தின் தலையில் ஏற்றுவது அதைத் தள்ளிவிடுவதற்குச் சமம். அடிவாரத்தில் உப்பிய மண்ணை வெட்டி அப்புறப்படுத்தவும் கூடாது. அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் மேலே இருப்பதை அப்போதைக்குத் தாங்கி நிற்பது அதுதான்.

1077க்குக் கூப்பிடுங்கள், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. மாநில அறை 1070. மின்கம்பம் சாய்ந்திருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. அழைத்த நேரத்தையும் பேசியவர் சொன்ன பதிலையும் அதே நோட்டில் குறித்துவையுங்கள். சாலையில் வண்டிகள் ஓரமாக வராதபடி கல், பீப்பாய், சிவப்புத் துணி வைத்து மறையுங்கள், இரவில் விளக்கும் வேண்டும். சரிவுக்கு நேர் கீழே இருக்கும் அறையில் அன்றிரவு யாரும் படுக்கவேண்டாம். நாங்கள் முன்னறையில் படுத்தோம், அதனால்தான் இதை எழுத முடிகிறது.

3. சாலை யாருடையது, சரிவு யாருடையது

எங்கள் மாதங்களைத் தின்றது இந்தக் கேள்விதான். முதலில் போன அலுவலகம் இது எங்கள் சாலை இல்லை என்றது, இரண்டாவது இடமும் அதையே சொன்னது, மூன்றாவது இடத்தில் "சாலை எங்களுடையது, சரிவு உங்கள் பட்டா நிலம்" என்றார்கள். நீங்கள் கிளம்புவதற்கு முன்பே பதிலைக் கையில் வைத்திருங்கள்.

கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. கல்லே இல்லாத சாலைகள்தான் சிக்கல். அவை நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலையாக இருக்கலாம், ஊராட்சி ஒன்றியச் சாலையாக இருக்கலாம், பேரூராட்சியுடையதாக இருக்கலாம், தேயிலைத் தோட்டத்தின் தனியார் சாலையாகக்கூட இருக்கலாம். தோட்டச் சாலை என்றால் அரசுப் பணம் எதுவும் வராது, தோட்ட நிர்வாகத்திடம்தான் பேசவேண்டும்.

சரிவு யாருடையது என்பதற்கு இரண்டு காகிதம் போதும்: பட்டா, அப்புறம் புல வரைபடம், எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்வது. இரண்டையும் அரசின் இணைய சேவைத் தளத்திலேயே மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து இலவசமாக எடுக்கலாம். வரைபடத்தில் சாலைக்குத் தனி சர்வே எண் இருக்கும், அதன் அகலமும் தெரியும். தார் போட்ட அகலம் நாலு மீட்டராக இருக்கும், சாலைப் புறம்போக்கு எட்டு மீட்டராக இருக்கும். அந்த மிச்சம் பெரும்பாலும் பள்ளத்தாக்குப் பக்கச் சரிவில்தான் வரும். எங்கள் விஷயத்தில் சரிந்த ஏழு மீட்டரில் மேல் பாதி புறம்போக்கு, கீழ்ப் பாதி எங்கள் பட்டா. இதைக் காகிதத்தில் நாங்களே கோடு போட்டுப் பார்த்திருந்தாலும், சர்வேயர் வந்து கல் நட்டபிறகுதான் யாரும் ஒத்துக்கொண்டார்கள். அளவை மனுவை இ-சேவை மையத்தில் கட்டணம் செலுத்திக் கொடுக்கலாம். எங்களுக்கு சர்வேயர் வர ஏழு வாரம் ஆனது, ஆகவே சரிவு நடக்கும்வரை காத்திருக்காமல் விரிசல் தெரிந்த வாரத்திலேயே மனு போடுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்ம நிலத்தில் (பழைய ஜமீன் மாதிரியான, உரிமை இன்னும் தீராத நிலம்) இருக்கும் பலருக்குப் பட்டா இருக்காது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ரசீது, ரேஷன் அட்டை மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமையை நிரூபிக்க அவை உதவாது, குடியிருப்பதை நிரூபிக்க உதவும்.

4. மனு

ஒரே மனுவை மூன்று இடத்துக்குக் கொடுங்கள். சாலைக்குப் பொறுப்பான அலுவலகம் ஒன்று (நெடுஞ்சாலை என்றால் உதவிக் கோட்டப் பொறியாளர், ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர்), வட்டாட்சியர் இன்னொன்று, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் மூன்றாவது. குறைதீர் கூட்டத்தில் மனு எண் கொடுப்பார்கள், பிறகு எங்கே போனாலும் அந்த எண்ணைச் சொன்னால் பேச்சு வேகமாக நகரும். அதே மனுவை 'முதல்வரின் முகவரி' என்ற மாநிலக் குறைதீர் சேவையின் தொலைபேசி எண் 1100லும் பதியலாம்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்டவேண்டாம். சாலையின் பெயர், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில், சர்வே எண், விரிசலின் நீளம், அளவுகள், கீழே எத்தனை வீடு, எத்தனை பேர், அந்த வழியாகப் பள்ளிப் பேருந்தோ அரசுப் பேருந்தோ போகிறதா. கடைசியாக என்ன செய்யவேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிக்காதீர்கள். "சிறுபாலத்தின் வெளியேறும் வாயிலிலிருந்து ஓடை வரைக்கும் கான்கிரீட் வடிகால் அமைத்துத் தரவும்" என்று எழுதுங்கள். (சிறுபாலம் என்பது சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் குழாய்.) நாங்கள் முதல் மனுவில் சுவர் கேட்டோம், மதிப்பீடு பெரிதாகிவிட்டது, நிதி இல்லை என்ற பதில் வந்தது. அடுத்த மனுவில் வடிகாலை மட்டும் கேட்டோம், அது பராமரிப்பு நிதியிலேயே முடிந்துவிட்டது.

ஒவ்வொரு நகலிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்ட மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. கேட்கவேண்டியவை: இந்தச் சாலை எந்தப் பதிவேட்டில் எந்த வகையில் இருக்கிறது, சாலை எல்லை அகலம் எவ்வளவு, இந்தச் சிறுபாலத்தைக் கடைசியாகத் தூர்வாரிய தேதி, என் மனு மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல். சாதாரணமாக முப்பது நாளில் பதில் தரவேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். கீழே ஆட்கள் குடியிருக்கும் வீடு இருந்தால் அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பக்கத்து மனைக்காரர் சாலையின் அடியைச் செங்குத்தாக வெட்டியதால் ஓரம் தொங்குகிறது என்றால் வழி வேறு. பொது இடத்துக்கு ஆபத்து விளைவிப்பதை நீக்கச் சொல்லி உத்தரவு போட வருவாய்க் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 133 என்றிருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 152.

5. தண்ணீர், தண்ணீர், தண்ணீர்

நான் எல்லோரிடமும் சொல்வது இந்த ஒன்றைத்தான்: சுவருக்குச் செலவு செய்யும் முன் தண்ணீரைத் திருப்புங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 9,300 லிட்டர், ஒரு தண்ணீர் லாரி. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது, அது மாதிரி ஒரு நாளில் அதே கூரையிலிருந்து 76,000 லிட்டர். சாலையைப் பார்த்தால் இன்னும் பயம் வரும். நூறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலத் தார்ச்சாலையில் 100 மில்லிமீட்டர் மழைக்கு 50,000 லிட்டர், அதோடு மேலே இருக்கும் மலைச்சரிவின் தண்ணீரும் சேரும், எல்லாம் ஒரே சிறுபாலம் வழியாக வெளியே வரும். அந்த வெளியேறும் வாய்க்குக் கீழே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. குழாய் சாலை விளிம்போடு முடிந்திருக்கும், தண்ணீர் இரண்டு மீட்டர் கீழே விழுந்து மண்ணைக் குடைந்துகொண்டே இருக்கும், அந்தக் குடைவு ஒவ்வொரு மழைக்கும் மேல்நோக்கி ஏறி ஒருநாள் தாரைத் தொடும். எங்கள் ஓரம் விழுந்தது சிறுபாலத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளித்தான்.

ஆகவே வரிசை இது. மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு சாலையில் இருநூறு மீட்டர் மேலும் கீழும் நடங்கள். தண்ணீர் எங்கே சாலையைத் தாண்டி ஓரத்துக்கு வருகிறது என்று பாருங்கள். வெயில் நாளில் இது தெரியவே தெரியாது. மலைப்பக்க ஓடையில் இலையும் பிளாஸ்டிக்கும் தேயிலைக் கவாத்துக் குச்சியும் அடைத்திருந்தால் தண்ணீர் குறுக்கே பாய்ந்து உங்கள் பக்கம் வரும். நாலு பேர் மண்வெட்டியோடு ஒரு காலையில் இதைச் சரிசெய்துவிடலாம், யார் அனுமதியும் தேவையில்லை. நாங்கள் இப்போது வருடத்துக்கு மூன்று முறை செய்கிறோம், டீ, வடைச் செலவு மட்டும்தான்.

அடுத்தது உங்கள் சொந்தத் தண்ணீர். சரிவுக்கு மேலே வீடு இருப்பவர்கள் குளியலறை, சமையலறைத் தண்ணீரை ஓரத்திலேயே உறிஞ்சுகுழி தோண்டி விட்டிருப்பார்கள். நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்நூறு லிட்டர், மழையே இல்லாத மாதத்திலும் அது சரிவுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். உறிஞ்சுகுழி, செப்டிக் டேங்க் இரண்டையும் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள், முடியாவிட்டால் மூடிய குழாயில் ஓடை வரைக்கும் கொண்டுபோங்கள். கூரைத் தண்ணீருக்கு நாலு அங்குல பிவிசி குழாய். எங்களுக்கு 28 மீட்டர் குழாய், இரண்டு சேம்பர், கூலி எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய். குடிநீர்க் குழாய் கசிகிறதா என்பதையும் பாருங்கள். சரிவின் நடுவில் ஒரு திட்டு மட்டும் கோடையிலும் பச்சையாக இருந்தால் சந்தேகப்படவேண்டும்.

சரிவின் தலைப்பகுதியில் ஒரு குறுக்கு வடிகால் வெட்டலாம், ஆனால் அடியும் பக்கமும் சிமென்ட் பூசியதாக இருக்கவேண்டும். வெறும் மண் வாய்க்கால் வெட்டுவது சரிவுக்குத் தண்ணீர் ஊட்டுவதுதான்.

6. சுவர் கட்டத்தான் வேண்டுமென்றால்

சரிவதற்கு இரண்டு வருடம் முன்பே நான் ஒரு சுவர் கட்டியிருந்தேன். கருங்கல், சிமென்ட், உயரம் 1.8 மீட்டர், 62,000 ரூபாய். ஒரு ஓட்டைகூட வைக்கவில்லை, பின்னால் வெட்டிய மண்ணையே போட்டு நிரப்பினோம். முதல் மழைக்கே சாய ஆரம்பித்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. மூன்று மீட்டர் உயரச் சுவரின் பின்னால் முழுக்கத் தண்ணீர் நின்றால், மண்ணின் எடையைச் சேர்க்காமலே, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் நாலரை டன் தள்ளும். உயரம் பாதியானால் தள்ளுவது கால்வாசியாகிறது. அதனால்தான் ஒரே உயரச் சுவரைவிடப் படிப்படியாக இரண்டு சின்னச் சுவர், நடுவில் நல்ல இடைவெளி விட்டு, பல இடங்களில் மேல்.

சிமென்ட் சுவர் என்றால் மேஸ்திரியிடம் இவற்றை எழுதிக்கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்: ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில், மேலும் கீழும் மாற்றி மாற்றி, மூன்று முதல் நாலு அங்குல அகலத்தில் வீப் ஹோல் (தண்ணீர் வடியும் ஓட்டை), சுவரின் முதுகுப்பக்கம் ஒரு அடி தடிமனுக்குச் சுத்தமான ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி, இல்லாவிட்டால் இரண்டு மழையில் மண் வந்து ஓட்டையை அடைத்துவிடும், அடித்தளம் கெட்டி மண்ணில், சரிந்து வந்த மண்ணில் இல்லை, அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல். ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம் என்றாலோ சுவருக்கு மேலே சாலை இருந்தாலோ மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது, மண் தெரிந்த பொறியாளர் வேண்டும். எங்களுக்கு நேரில் வந்து பார்த்து வரைபடம் போட்டுத்தர 8,000 வாங்கினார். செலவழித்ததில் மிகவும் பிரயோஜனமான எட்டாயிரம் அதுதான்.

நாங்கள் இரண்டாவது முறை கட்டியது கேபியன், அதாவது துத்தநாகம் பூசிய கம்பிவலைப் பெட்டிக்குள் கல்லை அடுக்குவது. தண்ணீர் தானாக வெளியேறும், மண் கொஞ்சம் நகர்ந்தாலும் பிளக்காமல் வளைந்துகொடுக்கும். 12 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம், கீழ் அடுக்கு ஒன்றரை மீட்டர் அகலம், மேல் அடுக்கு ஒரு மீட்டர், மொத்தம் 30 கன மீட்டர். கன மீட்டருக்குக் கல், வலை, கூலி, ஏற்று இறக்கு எல்லாம் சேர்ந்து சுமார் 5,500 ஆக, மொத்தம் 1,65,000. உங்கள் இடத்துக்கு லாரி வருமா, கல்லைத் தலைச்சுமையாகக் கொண்டுவரவேண்டுமா என்பதைப் பொறுத்து இது ரொம்பவே மாறும். இதில் ஏமாற்றும் இடம் கல்தான். முகத்தில் மட்டும் பெரிய கல்லை அடுக்கி உள்ளே மண்ணும் பொடியும் போட்டுவிடுவார்கள். எல்லாக் கல்லும் வலைக் கண்ணைவிடப் பெரிதாக, ஆறு முதல் பத்து அங்குலம் இருக்கவேண்டும். நிரப்பும் நாளில் முழுநேரமும் பக்கத்தில் நில்லுங்கள்.

சாலைப் புறம்போக்கில் உங்கள் பணத்தில் ஒரு கல்கூட வைக்காதீர்கள். நாளைக்கு அது இடிந்தால் பொறுப்பு உங்கள் மீது வரும், இடித்து எடுக்கச் சொன்னாலும் மறுக்க முடியாது. உங்கள் எல்லைக்குள் கட்டுங்கள், மேல் பாதிக்கு மனு போடுங்கள். நீலகிரியில் சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறை சரிவில் நீளக் கம்பிகளைத் துளையிட்டு இறக்கி, வலை விரித்து, மேலே புல் விதையைத் தெளித்துச் செய்யும் மண் ஆணி வேலையைப் பார்த்திருப்பீர்கள். அது துறை அளவில் செய்யவேண்டியது, தனி வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

7. அனுமதி இல்லாமல் தொடக்கூடாதவை

நீலகிரியில் பொக்லைன், ஜேசிபி எதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், சரிந்த மண்ணை அள்ளுவதற்குக்கூட. "அவசரம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று வண்டிக்காரர் சொல்வார், பிடித்தால் வண்டியோடு சேர்த்து உங்கள் பெயரும் போகும். எங்கள் மண்ணை ஆறு ஆட்கள் நாலு நாளில் கையால் அள்ளினார்கள். அந்த மண்ணைக் கீழ்ச்சரிவில் தள்ளிவிடாதீர்கள், அடுத்த சரிவு அங்கே ஆரம்பிக்கும்.

மரமும் அப்படித்தான். சாய்ந்து நிற்கும் மரத்தை உங்கள் பட்டாவில் இருந்தாலும் நினைத்தபடி வெட்ட முடியாது, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 இருக்கிறது, மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தோடு பட்டா, புல வரைபடம், மரத்தின் படங்கள் சேர்த்துக் கொடுங்கள். அனுமதி கிடைத்தாலும் வேரைத் தோண்டாதீர்கள், அடிமரத்தை விட்டு வெட்டுங்கள்.

வெட்டிவேரைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நல்ல செடிதான், வேர் இரண்டு மூன்று மீட்டர்கூட இறங்கும், அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் சரிவுக்குக் குறுக்கு வரிசையாக நட்டால் மேல்மண் நிற்கும். ஆனால் உறைபனி விழும் ஊட்டி உயரத்தில் அது மெதுவாகத்தான் பிடிக்கும், கீழே இறங்க இறங்க நன்றாக வரும். அதோடு, ஆழமாக நகரும் சரிவை எந்தப் புல்லும் பிடித்து நிறுத்தாது. தண்ணீரைத் திருப்பி, அடிவாரத்தைக் கட்டிய பிறகு நடவேண்டியது அது.

8. காப்பீடும் நிவாரணமும்

வீட்டுக் காப்பீடு எடுத்து வையுங்கள். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசியில் நிலச்சரிவும் நிலம் அமுங்குவதும் அடங்கும். வீடு மெதுவாக இயல்பாக அமர்வது, தவறான கட்டுமானம், தோண்டியதால் வந்த சேதம் அடங்காது. ஆகவே கீழே யாரோ தோண்டியதால்தான் விழுந்தது என்று யோசிக்காமல் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள், நடந்தது உண்மையில் என்ன என்று பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். விரிசல் வந்தபிறகு பாலிசி எடுத்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மறைத்தால் கோரிக்கையே போய்விடும். சாலையில் நிறுத்திய வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்தால் அதிலும் நிலச்சரிவு உண்டு, மூன்றாம் நபர் காப்பீட்டில் கிடையாது.

அரசு நிவாரணம், 2022-26 காலத்துக்கான பேரிடர் நிதி விதிப்படி, மலைப்பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,30,000 ரூபாய். ஆனால் அது அனுமதி பெற்ற கட்டடம் என்று சான்று வேண்டும், பலருக்கு இங்கேதான் நின்றுவிடுகிறது. கட்டட வரைபட அனுமதியின் நகலைத் தேடி எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்க்கும் வரைக்கும் இடிபாட்டை அப்புறப்படுத்தவேண்டாம், பாதுகாப்புக்காக எடுத்தே ஆகவேண்டும் என்றால் எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்தபிறகு எடுங்கள்.

9. எந்த மாதத்தில் எது

கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பயம் அதிகம். இரண்டு பக்கமும் கட்டுமானத்துக்குக் கிடைப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கோடை மழை மே மாதத்திலேயே தொடங்கிவிடும். சுவருக்குத் தோண்டிய பள்ளத்தை மழைக்குத் திறந்து வைப்பதைப் போல ஆபத்து வேறில்லை, ஆகவே நாலைந்து மீட்டராகத் தோண்டி, கட்டி, நிரப்பி, பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள்.

அதற்கு ஏற்றபடி பின்னாலிருந்து எண்ணுங்கள். ஜனவரியில் வேலை தொடங்கவேண்டும் என்றால் பொறியாளர் நவம்பர் மழையிலேயே வந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருக்கவேண்டும், சர்வே மனு செப்டம்பரில் போயிருக்கவேண்டும், அனுமதிகளுக்கு டிசம்பர் முழுதும் கையில் இருக்கவேண்டும். துறைகளுக்கான மனு என்றால் ஏப்ரல், மே மாதத்திலேயே கொடுங்கள், அந்த வருட நிதி ஒதுக்கீட்டில் சேர வாய்ப்பு அதிகம். அக்டோபரில் கொடுத்த எங்கள் மனு அடுத்த வருடத்துக்குப் போய்விட்டது.

மழைக்காலத்தில் இந்தியப் புவியியல் ஆய்வு மையம் நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது, பூஸ்கலன் என்ற அவர்களுடைய செயலியை போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அது வட்டார அளவில்தான் சொல்லும், உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பத்து மீட்டரைச் சொல்லாது. அதற்கு அந்த இரும்பு முளைகள்தான். கேபியன் கட்டி முடித்தபிறகும் நாங்கள் முளைகளைப் பிடுங்கவில்லை, மழைக்காலத்தில் தினமும், மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அளக்கிறோம். போன நவம்பர் முழுதும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர்.